பந்தை விட்டு ஆளைப் பாருங்கள்: அமெரிக்கக் காற்பந்தில் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைப் பின்தொடரும் வழி

தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். தற்காப்பு ஆட்டக்காரருக்கோ பந்து தன் பக்கம் வராமல் செய்வதுதான் வேலை. அதனால் அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவுக்குத் திரையில் காணாமல் போவார். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் ஆட்டங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துக்கொண்டு மற்ற 21 பேரையும் கூட்டமாகவே பார்த்துவிடுவது இதனால்தான். இந்தக் கையேடு ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரரைத் தேர்ந்து, சிங்கப்பூரில் இருந்தபடியே ஒரு பருவம் முழுக்க அவரைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கானது. களத்தில் அவர் வேலை என்ன, அவருடைய வாரம் எப்படிப் போகிறது, ஒப்பந்தச் செய்தியை எப்படிப் படிப்பது, அவர் தொழில் எப்படி முடியும் என்பதெல்லாம் இதில் வரும்.

விதிகளில் கொஞ்சம் தெரிந்தாலே தொடங்கலாம். களத்தின் நீளம் 100 யார்டு, இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஸோன், அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற 4 வாய்ப்புகள். நடுவில் குனிந்திருக்கும் சென்டர் பந்தைப் பின்னால் தரும் கணத்துக்கு ஸ்னாப் என்று பெயர். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வந்துவிடும்.

யாரைத் தேர்வது

தற்காப்பு மூன்று அடுக்காக நிற்கும். முன்வரிசையில் டிஃபென்சிவ் டேக்கிள், எட்ஜ் ரஷர், நடுவில் லைன்பேக்கர், பின்னால் கார்னர்பேக், சேஃப்டி. முதல் பருவத்துக்கு முன்வரிசையில் ஒருவரைத் தேர்வது நல்லது. பந்து புறப்படும் இடத்தில் அவர் நிற்பதால் எப்போதும் திரைக்குள் இருப்பார். கார்னர்பேக்கைத் தேர்ந்தால், ஸ்னாப் ஆன இரண்டு விநாடியில் அவர் திரைக்கு வெளியே ஓடிவிடுவார். பிறகு பந்து அவர் பக்கம் எறியப்பட்டால் மட்டுமே தெரிவார். அதுவும் பெரும்பாலும் அவர் தோற்கும்போது. பயிற்றுநர்கள் பார்க்கும் ‘ஆல்-22’ காட்சி, அதாவது 22 பேரையும் மேலிருந்து காட்டும் பதிவு, கையில் கிடைக்கும்வரை கார்னர்பேக்கை அடுத்த பருவத்துக்கு ஒத்திவையுங்கள்.

சட்டை எண் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். 2021-இல் விதி தளர்ந்த பிறகு முன்வரிசைக்கு 50 முதல் 79 வரையும் 90 முதல் 99 வரையும், லைன்பேக்கர்களுக்கு 59 வரையும் 90களும், பின்வரிசைக்கு 49 வரையும். 2023 முதல் லைன்பேக்கருக்கும் பின்வரிசைக்கும் 0 கூட உண்டு. தலைக்கவசத்தின் பின்புறம் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2008 முதல் தற்காப்பில் ஒரே ஒருவருக்குத் தலைக்கவசத்துக்குள் ஒலிபெருக்கி அனுமதி. பயிற்றுநரின் குரல் அவர் காதில் மட்டும் கேட்கும், அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 விநாடி மீதமிருக்கும்போது துண்டிக்கப்படும். அதன் பிறகு எதிரணி இடம் மாறினால் மற்ற பத்துப் பேரையும் அவரே சரிசெய்யவேண்டும். பச்சைப் புள்ளிக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாலே தற்காப்பு என்ன நினைக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

எப்போது பார்ப்பது

செப்டம்பரிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க்குக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். காலையை மாலையாக்கினால் கணக்கு முடிந்தது. ஞாயிறு பிற்பகல் 1 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி. மாலை 4.25 ஆட்டம் அதிகாலை 4.25. ஞாயிறு இரவு ஆட்டம் திங்கள் காலை 8.20. வியாழன் இரவு ஆட்டம் வெள்ளி காலை 8.15. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றிலிருந்து எல்லாமே நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். பழைய நேரத்துக்கே எழுந்து வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஆண்டுதோறும் நடக்கிற கூத்து.

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றவை லண்டன் ஆட்டங்கள்தான். அக்டோபரில் ஞாயிறு இரவு 9.30-க்குத் தொடங்கும். நவம்பரில் ஜெர்மனியில் நடப்பவை 10.30-க்கு. மற்றவற்றுக்குப் பதிவே நல்லது. ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடினாலும் பந்து உண்மையில் அசையும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம்தான். என்எஃப்எல் கேம் பாஸ் 2023 முதல் அமெரிக்காவுக்கு வெளியே டாஸோன் என்ற இணைய ஒளிபரப்புச் சேவை வழியாக வருகிறது. அதிலுள்ள சுமார் 40 நிமிடச் சுருக்கப் பதிவு, ஜூரோங் பக்கத்திலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். ஆனால் சுருக்கப் பதிவில் ஸ்னாப்புக்கு முந்தைய விநாடிகளை வெட்டிவிடுவார்கள். தற்காப்பைப் படிக்க அந்த விநாடிகள்தான் தேவை. எனவே முடிவு தெரிந்துகொள்ளச் சுருக்கம், ஆளைப் படிக்க முழுப் பதிவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள்களும் சில நேரம் கைகொடுக்கும். 2024-இல் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் போல் நமக்குப் பிப்ரவரி 12, திங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறை. 2025-இல் தீபாவளியே அக்டோபர் 20, திங்கட்கிழமை.

ஒரு ஸ்னாப்பைப் படிப்பது

ஓர் அணியின் தற்காப்பு ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 60 ஸ்னாப் ஆடும். முதல் மூன்று வாரம் அதில் 20 மட்டும் பாருங்கள். ஒரு தாளில் ஐந்து கட்டம் போதும்: எத்தனையாவது வாய்ப்பு, எத்தனை யார்டு தேவை; நம் ஆள் எங்கே நின்றார்; முதல் அடி எந்தத் திசையில்; யார் அவரைத் தடுத்தார்கள், ஒருவரா இருவரா; கடைசியில் எங்கே இருந்தார். பந்து எங்கே போனது என்பதற்குக் கட்டம் வேண்டாம். அது தானாக நினைவில் நிற்கும்.

நிற்கும் இடத்தைக் குறிக்கப் பயிற்றுநர்கள் எண்களும் எழுத்துகளும் வைத்திருக்கிறார்கள். எண் ஆளுக்கு, எழுத்து இடைவெளிக்கு. தாக்கும் வரிசையில் சென்டரின் இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள், முனையில் டைட் எண்ட் நிற்பார்கள். சென்டருக்கு நேரெதிரே நின்றால் 0 டெக்னிக். சென்டரின் ஒரு தோளை ஒட்டி நின்றால் 1. கார்டின் வெளித்தோளில் 3. டேக்கிளின் வெளித்தோளில் 5. டைட் எண்டுக்கும் வெளியே அகன்று நின்றால் 9. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள சந்து ஏ கேப், கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி, அதற்கு வெளியே சி. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் முன்வரிசை ஆட்டக்காரருக்கு ஒரு சந்து ஒப்படைக்கப்பட்டிருக்கும். 3 டெக்னிக்கில் நிற்பவருக்குப் பெரும்பாலும் பி கேப். அவர் கார்டை முறியடித்துப் புகழ் பெற ஆசைப்பட்டு உள்பக்கம் ஏ கேப்புக்குள் நுழைந்தால், பி காலியாகும், பந்தோடு ஓடுபவர் அந்த வழியே 15 யார்டு போவார். நேர்முக வருணனையில் பழி லைன்பேக்கர் மேல் விழும். உங்கள் தாளில் மட்டும் உண்மை இருக்கும்.

ஸ்னாப் ஆனதும் மூன்றைக் கவனியுங்கள்: உயரம், கை, இடுப்பு. தோள்பட்டைக் கவசம் எதிராளியின் கவசத்தைவிடத் தாழ்வாக இருப்பவர் தள்ளுவார், நிமிர்ந்தவர் தள்ளப்படுவார். கையை முதலில் எதிராளியின் மார்புக்குள் வைப்பவர் ஆளைத் திருப்பலாம். கை வெளியே வழுக்கினால் பிடியை இழப்பார். விளிம்பில் வளைந்து ஓடும் எட்ஜ் ரஷருக்கு இடுப்பும் கணுக்காலும் குவார்ட்டர்பேக் நிற்கும் பக்கம் திரும்பவேண்டும். திரும்பாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய்விடுவார். பெரும்பாலான பந்துகள் மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போய்விடும், வட்டமடிக்க நேரம் இல்லை.

ஆரன் டொனால்டின் பழைய பதிவுகள் இதற்கெல்லாம் சிறந்த பாடம். 2014 டிராஃப்டுக்கு, அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு, முன் அளந்தபோது அவர் உயரம் 185 சென்டிமீட்டருக்குள், எடை 285 பவுண்டு, அதாவது 129 கிலோ. உள்வரிசைக்குச் சின்ன உடம்பு என்று பேச்சு. 13-ஆவது தேர்வாக ராம்ஸ் அணி எடுத்தது. அந்தக் குள்ளமே அவரை எப்போதும் எதிராளியின் மார்புக்குக் கீழே வைத்திருந்தது. 2017, 2018, 2020 என மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். அவரைப் பார்க்கும்போது சேக், அதாவது குவார்ட்டர்பேக்கைப் பந்து எறியும் முன் வீழ்த்தியது, எத்தனை என்ற எண்ணிக்கையை விடுங்கள். எத்தனை ஸ்னாப்பில் இரண்டு பேர் அவர் மேல் செலவாகிறார்கள் என்று எண்ணுங்கள். அவர் மேல் இரண்டு பேர் என்றால் வேறெங்கோ ஒரு சக ஆட்டக்காரருக்கு ஒருவர் மட்டுமே.

இங்கே புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஸ்டண்ட். முன்வரிசையில் ஒருவர் வேண்டுமென்றே பக்கத்து ஆளின் தடுப்பாளர் மேல் மோதிச் சாய்வார். மற்றவர் அவர் முதுகைச் சுற்றி அந்தச் சந்துக்குள் புகுவார். சேக் இரண்டாமவர் கணக்கில் ஏறும், மோதியவர் கீழே கிடப்பார். உங்கள் ஆள் கீழே கிடந்தால் உடனே ‘தோற்றார்’ என்று எழுதாமல், பக்கத்து ஆள் எந்த வழியாக உள்ளே போனார் என்று பின்னோட்டிப் பாருங்கள்.

லைன்பேக்கரைப் பார்ப்பதானால் அவர் கண்கள் கார்டின் மேல் இருக்கும். கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம், பின்வாங்கினால் எறிதல் என்பது அடிப்படைக் கணக்கு. பிளே ஆக்‌ஷன் என்பது அந்தக் கணக்கைக் குலைக்கும் தந்திரம்: ஓட்டம் போலக் காட்டிவிட்டு எறிவது. லைன்பேக்கர் முன்னால் வைக்கும் இரண்டு அடி போதும், அவர் முதுகுக்குப் பின்னால் 12 யார்டில் ஒருவர் தனியாக நிற்பார்.

பின்வரிசையைப் படிக்க ஸ்னாப்புக்கு முன் ஒரே கேள்வி: ஆழத்தில் எத்தனை சேஃப்டி? காவல் முறைகளுக்குக் கவர் என்று பெயர். 12, 15 யார்டு பின்னால் இருவர் நின்றால் பெரும்பாலும் கவர் 2 அல்லது கவர் 4. நடுவில் ஒருவர் மட்டும் என்றால் கவர் 1 அல்லது 3. யாருமே இல்லையென்றால் கவர் 0, பெரும்பாலும் கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் பாயப்போகிறார்கள். பிறகு, தாக்கும் அணியில் ஒருவர் ஸ்னாப்புக்கு முன் குறுக்கே ஓடும்போது ஒரு தற்காப்பாளர் கூடவே ஓடுகிறாரா பாருங்கள். ஓடினால் ஆளுக்கு ஆள். எல்லாரும் ஓரடி நகர்ந்து நின்றுவிட்டால் பகுதிக் காவல். நல்ல அணிகள் இதையும் மாற்றிக் காட்டும். இரண்டு சேஃப்டி போல நின்று, ஸ்னாப் ஆன கணத்தில் ஒருவர் இறங்கி வருவார். அதனால் ஸ்னாப்புக்குப் பின் ஒரு விநாடி கழித்து மறுபடி எண்ணுங்கள்.

பகுதிக் காவலில் பந்து பிடிக்கப்பட்டால் பக்கத்தில் நிற்பவரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் அநியாயம். அவர் தன் பகுதியை விட்டு ஓடிவந்து உதவ முயன்றவராக இருக்கலாம், தவறியவர் 10 யார்டு தள்ளி நிற்கலாம். யார் பொறுப்பு என்பது அணிக்குள்ளேதான் உறுதியாகத் தெரியும். உங்கள் தாளில் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போவது மேல்.

எண்கள் எங்கே ஏமாற்றும்

சேக் 1982-இல்தான் அதிகாரப்பூர்வக் கணக்கானது. அதனால் அந்தச் சொல்லையே பரப்பிய டீக்கன் ஜோன்ஸுக்கு அதிகாரப்பூர்வமாக ஒரு சேக்கும் கிடையாது. அவர் 1974-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். லாரன்ஸ் டெய்லரின் பெயரில் 132.5 இருக்கிறது, 1981-இல் தன் முதல் பருவத்தில் அவர் எடுத்த 9.5 அதில் சேரவில்லை. எனவே காலங்களைக் கடந்து ஒப்பிடும் பட்டியல்களை நம்பாதீர்கள். ஒரே காலத்துக்குள்ளும் ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். மைக்கேல் ஸ்ட்ராஹான் 2001-இல் 22.5 சேக் எடுத்தது 16 ஆட்டங்களில். டி. ஜே. வாட் 2021-இல் அதே 22.5-ஐ எட்டியது 15 ஆட்டங்களில். அரை எண் எப்படி வருகிறது என்றால், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி.

டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரை வீழ்த்தியது, எத்தனை என்ற எண்ணிக்கை இன்னும் வழுக்கல். ஒரு சேஃப்டி அணியிலேயே அதிக டேக்கிள் எடுத்திருந்தால் அவரைப் பாராட்டுவதற்கு முன் முன்வரிசையைச் சந்தேகியுங்கள். ஓடுபவர்கள் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? லைன்பேக்கரின் டேக்கிளைக்கூட எத்தனை யார்டில் எடுத்தார் என்று பார்க்காமல் மதிப்பிட முடியாது.

கார்னர்பேக்குகளுக்கு எண் தலைகீழாகவே போகும். ஓக்லண்ட் ரெய்டர்ஸில் ஆடிய நம்டி அஸோமுகா 2006-இல் 8 பந்துகளை இடைமறித்தார். அடுத்த மூன்று பருவங்களில் பருவத்துக்கு ஒன்றே ஒன்று. ஆட்டம் சரிந்துவிட்டதா? 2008-இல் அவர் ஆல்-ப்ரோ, அதாவது ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலின், முதல் அணியில் இருந்தார். எதிரணிகள் அவர் பக்கம் எறிவதையே குறைத்துவிட்டன. ஆகவே கார்னர்பேக்கின் இடைமறிப்பை மட்டும் பார்க்காமல், அவர் பக்கம் எத்தனை எறிதல் வந்தது, அதில் எத்தனை பிடிக்கப்பட்டது என்ற கணக்கைத் தேடுங்கள்.

திங்கள் முதல் ஞாயிறு வரை

ஆட்டத்துக்கு மறுநாள் பதிவு பார்த்தல், உடலுக்குச் சிகிச்சை. செவ்வாய் ஓய்வு என்பார்கள். பலர் அன்றே அடுத்த எதிரணியின் பதிவைத் திறந்துவிடுவார்கள். புதன் அன்று முதல், இரண்டாம் வாய்ப்புக்கான திட்டம். வியாழன் மூன்றாம் வாய்ப்பு. வெள்ளி, எண்ட் ஸோனை ஒட்டிய கடைசி 20 யார்டு. சனி மெதுநடைப் பயிற்சி, வெளியூர் ஆட்டமென்றால் விமானம்.

நமக்குப் பயன்படுவது புதன், வியாழன், வெள்ளியில் வெளியாகும் காய அறிக்கை. பயிற்சியில் முழுமையாக, ஓரளவு, கலந்துகொள்ளவில்லை என மூன்று நிலை. புதனன்று ‘கலந்துகொள்ளவில்லை’ என்றால் பதற வேண்டாம். மூத்த ஆட்டக்காரர்களுக்கு அது பல நேரம் ஓய்வு. வெள்ளியும் அப்படியே என்றால்தான் சந்தேகம். இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும். இந்த அறிக்கை வேறு, ‘இஞ்சர்டு ரிசர்வ்’ என்ற காயப் பட்டியல் வேறு. அதில் போட்டால் குறைந்தது 4 ஆட்டம் வெளியே. கார்னர்பேக்குக்குத் தொடைப் பின்தசை என்ற செய்தி வந்தால் அதைச் சின்னக் காயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவர் சட்டெனத் திரும்பி முழு வேகம் எடுப்பது அவர் தொழில், அந்தத் திருப்பத்தில்தான் அந்தத் தசை மறுபடி கிழியும். முழங்கால் ஏசிஎல் தசைநார் போனால் 9 முதல் 12 மாதம். தலையில் அடி என்றால் ஐந்து கட்டச் சோதனை, கடைசியில் அணியைச் சாராத நரம்பியல் மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும்.

உள்ளே வரும் வழி

உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆனவரே டிராஃப்டுக்குத் தகுதி. இடைப்பட்ட காலம் கல்லூரி அணியில். டிராஃப்ட் 7 சுற்று, 32 அணிகள். அதற்கு முன் இண்டியனாபொலிஸில் கம்பைன் என்ற உடல்திறன் சோதனை: 40 யார்டு ஓட்டம், 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை மார்புக்கு மேல் எத்தனை முறை தூக்குகிறார், உயரத் தாண்டல், நீளத் தாண்டல், கூம்புகளைச் சுற்றி ஓடுதல். செய்தி 40 யார்டு நேரத்தையே கொட்டை எழுத்தில் போடும். கார்னர்பேக்குக்கு அது சரி. முன்வரிசை ஆட்டக்காரர் ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓடுவது அபூர்வம். அவருடைய முதல் 10 யார்டு நேரத்தைத் தேடிப் படியுங்கள்.

தேர்வாகாதவர்களின் கதையும் முடிந்துவிடாது. ஜான் ராண்டல் 1990-இல் யாராலும் தேர்ந்தெடுக்கப்படவில்லை, 137.5 சேக்கோடு 2010-இல் புகழ் மண்டபத்துக்குள் போனார். ஜேம்ஸ் ஹாரிசன் பலமுறை அணியிலிருந்து நீக்கப்பட்டவர். 2008-இல் ஆண்டின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர். தந்தை வழியில் இந்திய வம்சாவளியினரான லைன்பேக்கர் பிராண்டன் சில்லரை 2004-இல் நான்காம் சுற்றில் ராம்ஸ் எடுத்தது, பிறகு கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போனார். அமெரிக்காவுக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு 2017-இல் தொடங்கிய பன்னாட்டு ஆட்டக்காரர் திட்டம் ஒரு வாசல். நைஜீரியாவில் பிறந்து லண்டனில் வளர்ந்த எஃபே ஒபாடா அந்த வழியாக 2018-இல் கரோலினா பேந்தர்ஸின் 53 பேர் பட்டியலில் இடம்பிடித்தார்.

53 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பயிற்சி முகாமில் 90 பேர். ஆகஸ்ட் இறுதியில் 53-ஆகச் சுருங்கும். வெளியே தள்ளப்பட்டவர்களில் 16 பேர்வரை பயிற்சிக் குழுவில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஆள் அந்தக் குழுவில் இருந்தால், ஒரு பருவத்தில் மூன்று முறை மட்டுமே அவரை ஆட்ட நாளுக்கு உயர்த்த முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 53-க்குள் சேர்க்கவேண்டும். நான்காவது வாரம் அவரைக் காணோமே என்று தேடுகிறவர்களுக்கு விடை இதுதான்.

ஒப்பந்தச் செய்தியைப் படிப்பது

தேர்வானவருக்கு முதல் ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்றில் வந்தவருக்கு ஐந்தாம் ஆண்டை அணி விரும்பினால் சேர்த்துக்கொள்ளும். தொகை தேர்வு வரிசைப்படி ஏறக்குறைய நிர்ணயமானது, பேரம் பேச அதிகம் இல்லை. இரண்டாவது ஒப்பந்தம்தான் வாழ்க்கையை மாற்றும். அங்கேதான் தலைப்புச் செய்திகளும் ஏமாற்றும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ‘4 ஆண்டு, 80 மில்லியன்’ என்று செய்தி. அமெரிக்க டாலரில், சிங்கப்பூர் வெள்ளியில் அல்ல. பிரித்தால்: கையொப்பத் தொகை 20 மில்லியன், அடிப்படைச் சம்பளம் ஆண்டுவாரியாக 2, 18, 20, 20. உத்தரவாதம் முதல் இரண்டு ஆண்டுக்கு மட்டும் என்றால் 20, 2, 18 சேர்ந்து 40 மில்லியன். மற்ற 40 மில்லியன் அவர் ஆட்டத்தையும் முழங்காலையும் பொறுத்தது.

இனி அணியின் பக்கம். சம்பள உச்சவரம்பில், 2025-இல் அது ஓர் அணிக்கு 279.2 மில்லியன், கையொப்பத் தொகை ஆண்டுக்கு 5 மில்லியனாகப் பரப்பப்படும். ஆக வரம்புக் கணக்கு 7, 23, 25, 25. மூன்றாம் ஆண்டுக்கு முன் நீக்கினால், இன்னும் கணக்கில் ஏறாத 10 மில்லியன் ஒரேயடியாக ஏறும். 25 போகவேண்டிய இடத்தில் 10 போவதால் அணிக்கு 15 மில்லியன் மிச்சம். ஜூன் 1-க்குப் பிறகு நீக்கியதாகக் காட்டினால் அந்த 10 இரண்டு ஆண்டுக்கு 5, 5 எனப் பிரியும், அந்த ஆண்டு மிச்சம் 20. எனவே இதை ‘இரண்டு ஆண்டு, 40 மில்லியன், அதற்குப் பிறகு அணியின் விருப்பம்’ என்று படியுங்கள். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் அவர் நீக்கப்பட்டால் ரசிகர்கள் அதிர்ச்சி அடைவார்கள். நீங்கள் அடைய வேண்டியதில்லை. முகவருக்கு அதிகபட்சம் 3 சதவீதம். வெளியூரில் ஆடும் ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலத்துக்கு வருமான வரி. புளோரிடா, டெக்சஸ் போன்றவற்றில் மாநில வருமான வரி இல்லை என்பதும் பேரத்தில் பேசப்படும்.

முடியும் இடம்

ஆட்டக்காரர் சங்கம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சராசரி 3.3 ஆண்டு. பலருக்கு முதல் ஒப்பந்தமே முடிவதில்லை. ஓய்வூதியத்துக்கு 3 தகுதிப் பருவங்கள் தேவை. ஒரு பருவம் தகுதிபெற முழுச் சம்பளத்தில் குறைந்தது 3 ஆட்டங்கள். நம் சிபிஎஃப் சேமநிதி போல மாதந்தோறும் சேர்ந்துகொண்டே போவதாக நினைக்கக்கூடாது. இரண்டு பருவத்தோடு வெளியேறியவர் அந்தக் கோட்டுக்கு வெளியே. மூன்றாம் பருவத்தில் ஒருவர் வலியோடும் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருப்பதன் காரணம் இதில் ஒளிந்திருக்கும்.

மூளையின் கதை கடினமானது, ஆனால் இதை விட்டுவிட்டு இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. லைன்பேக்கர் ஜூனியர் சீயாவ் 20 பருவங்கள் ஆடினார். 2012-இல் இறந்த பிறகு அவர் மூளையில் சிடிஇ என்ற சிதைவு நோய் உறுதியானது. இறப்புக்குப் பிறகே அதை உறுதிப்படுத்த முடியும். பெரிய மூளையதிர்ச்சிகள் மட்டும் அதற்குக் காரணமாவதில்லை. ஆயிரக்கணக்கான சிறு மோதல்களும் சேர்கின்றன. முன்வரிசையில் நீங்கள் எண்ணிய அந்த 60 ஸ்னாப்பில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு மோதல். விதிகள் இதனால்தான் இறுகுகின்றன: 2018-இல் தலைக்கவசத்தைத் தாழ்த்தி மோதத் தடை, 2024-இல் பின்னாலிருந்து பிடித்து இடுப்பைக் கீழே விழவிடும் டேக்கிளுக்குத் தடை. ‘ஆட்டம் மென்மையாகிவிட்டது’ என்று முணுமுணுப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

ஓய்வுக்குப் பின் என்ன என்பதற்கு ஆலன் பேஜ் ஓர் எல்லை. 1971-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் தற்காப்பு ஆட்டக்காரர். ஆடிக்கொண்டிருந்தபோதே சட்டம் படித்து 1978-இல் பட்டம் பெற்றார். 1993 முதல் 2015 வரை மின்னசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். புகழ் மண்டபத்துக்கு ஓய்வுக்குப் பின் 5 பருவம் காத்திருக்கவேண்டும்.

களத்தில் இறங்கிப் பார்க்க

மோதல் இல்லாத வடிவம் ஃபிளாக் ஃபுட்பால். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. பக்கத்துக்கு 5 பேர், களம் 50 யார்டு நீளம் 25 யார்டு அகலம், எண்ட் ஸோன் தனி. ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி. வீழ்த்துவதற்குப் பதில் இடுப்புப் பட்டியில் தொங்கும் கொடியைப் பறிக்கவேண்டும். குவார்ட்டர்பேக் மேல் பாய்பவர் 7 யார்டு பின்னாலிருந்து புறப்படவேண்டும்.

கொடி பறிப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு ஓடுபவரின் முகத்தைப் பார்ப்பது. தலையும் தோளும் பொய் சொல்லும். இடுப்பு போகிற திசையில்தான் ஆள் போவார். இரண்டு யார்டு தொலைவு வரும்போது நீள அடியை நிறுத்திச் சின்ன அடிகளாக மாற்றுங்கள், முழங்காலை மடக்குங்கள், பக்கத்திலுள்ள கொடிக்கு நேராகக் கையை நீட்டுங்கள். முழு வேகத்தில் கையை வீசினால் சட்டைதான் கையில் வரும், தண்டனை உங்கள் அணிக்கு. கால்சட்டையில் பை இருக்கக்கூடாது. விரல் மாட்டி முறியும்.

சிங்கப்பூர் வெயிலுக்கு மைஎன்வி செயலியில் ஈரக்குமிழ் வெப்ப அளவைப் பாருங்கள். 31-க்குக் கீழே இருந்தால் அழுத்தம் குறைவு. 33-ஐத் தொட்டால் கடுமையான பயிற்சியைத் தள்ளிவையுங்கள். தற்காப்புப் பயிற்சி குறுகிய பாய்ச்சல்கள் என்பதால் களைப்பு தாமதமாகத் தெரியும். பத்துப் பாய்ச்சலுக்கு ஒருமுறை நிழலுக்குப் போங்கள், தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திடலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்தால், மழை இன்னும் வரவில்லை என்றாலும் உடனே கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். கொடியைப் பறித்ததும் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள், நடுவர் கண்ணில் படவேண்டும். பிறகு பறிகொடுத்தவர் கையிலேயே கொடுங்கள். கீழே எறிந்தால் அடுத்த ஆட்டத்துக்குள் அவர் பட்டியை மாட்டி முடிக்கமாட்டார்.